ஜெசிந்தாவின் படிகமும் நான் வெட்டிய வளைவும்

அன்று எங்கள் துறையில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மாணவிகள் ஸ்பெக்ட்ரோமீட்டர்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மேசை இழுப்பறைக்குள் என் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. தேர்வு நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது முறை பெயரைப் பார்த்தேன். ஜெசிந்தாவின் தம்பி அருள். அவன் என்னை அழைக்கிறவன் அல்ல. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"மேடம், அக்கா போயிட்டா."

"எங்க?" என்று கேட்டேன்.

அருள் மெதுவாகச் சொன்னான். "பஸ் ஸ்டாப்புல நெஞ்சப் புடிச்சிட்டு கீழ இருந்துட்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நீங்க காலேஜுல சொல்லிருங்க."

நான் உடனே ஓடிப்போகவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மீதமிருந்த எட்டு மாணவிகளுக்கும் மதிப்பெண் போட்டேன். அதன் பிறகுதான் முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த நினைவு மலருக்காக என்னிடம் கேட்டவர்கள், "நீங்கதானே அவங்களுக்கு நெருங்கின சிநேகிதி" என்றார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் குளச்சல்காரி. அப்பா கடலுக்குப் போனவர். அம்மா சலேத்தம்மாள் ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்று அவளைப் படிக்க வைத்தவர். நான் இராஜாக்கமங்கலத்திலிருந்து வந்தவள். வீட்டில் எல்லோருமே ஆசிரியர்கள். முதல் நாளே ஜெசிந்தா என்னிடம், "ஏட்டி பகவதி, இஞ்ச பர்னஸ் ஏதாவது கெடக்கா?" என்று கேட்டாள். வகுப்பு அட்டவணை, விடுப்பு விதி எதையும் அவள் கேட்கவில்லை. வேதியியல் துறை கழித்துப்போட்ட பழைய உலை ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைத் தானே பிரித்து, சுருள் கம்பி மாற்றி, செங்கல் அடுக்கி, ஒரு மாதத்தில் ஓட வைத்துவிட்டாள். உங்களில் பலர் அந்த அறையைப் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆய்வகங்களில் இருப்பவர்கள் பார்த்தால் சமையலறை என்று நினைப்பார்கள். அங்கேதான் உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு படிகம் பிறந்தது.

அவள் செய்த வேலையை இயற்பியல் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சில படிகங்களின் உட்புறத்தில் மின்சாரம் பாயாது, மேல்தோலில் மட்டும் பாயும். இவற்றை இடவியல் மின்கடத்தாப் பொருள்கள் என்கிறோம். அப்படியொரு படிகத்துக்குள் காந்த அணுக்களை ஒழுங்கான அடுக்காக உட்கார வைத்துவிட்டால் மேல்தோலின் குணமும் மாறும். தோலிலும் மின்சாரம் நின்றுபோய், விளிம்பில் மட்டும், கொஞ்சமும் வீணாகாமல் ஓடும் நிலை வரலாம். நாளைய கணினிகளுக்கு இது உதவும் என்பதால் உலகம் முழுக்க இதைத் தேடுகிறார்கள். தேடுவதில் இரண்டு பாதி. ஒரு பாதி, படிகத்தை உண்டாக்குவது. இன்னொரு பாதி, உண்டானது எதுவென்று அளந்து நிரூபிப்பது. முதல் பாதியைச் செய்கிறவர்களின் கை கரிபிடித்திருக்கும். பேர் பெரும்பாலும் இரண்டாம் பாதிக்காரர்களுக்குத்தான்.

சலேத்தம்மாள் ஒருமுறை கல்லூரிக்கு வந்திருந்தார். மகள் கையில் பளபளத்த துண்டைப் பார்த்து, "இது காந்தமா மக்ளே? ஆணி ஒட்டுமா?" என்று கேட்டார்.

"ஒட்டாதும்மா. ஒரு அடுக்கு வடக்கப் பாத்தா அடுத்த அடுக்கு தெக்கப் பாக்கும். ஒண்ணுக்கொண்ணு சரியாப் போவும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"ஆணி ஒட்டாட்டா பின்ன என்னட்டீ காந்தம்?"

ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று மாலைவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள்.

மாங்கனீசு, பிஸ்மத், டெலூரியம், கூடவே அவள் தேர்ந்தெடுத்த இன்னோர் உலோகம். இவற்றைப் பொடித்து, குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, தீச்சுடரால் வாயை உருக்கி மூடுவாள். உலையில் உருக்கி, பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் மிக மெதுவாகக் குளிர விடுவாள். அந்தப் படிகம் விளையும் வெப்பநிலை மிகக் குறுகியது. சில டிகிரி மேலே போனாலும் கீழே போனாலும் கிடைப்பது வேறு பொருள். சரியான நேரத்தில் உலையைத் திறந்து, செக்கச் சிவந்த குழாயை இடுக்கியால் எடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். அதற்கான ஐஸைக் குளச்சல் துறைமுகத்திலிருந்து கொண்டுவருவாள். மீனுக்குப் போடுகிற பொடி ஐஸ். தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வழியெல்லாம் ஒழுகும்.

ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். நடத்துநர் வந்து, "அம்மா, மீன் பெட்டிய உள்ள ஏத்தப்பிடாதுண்ணு தெரியாதா?" என்று சத்தம் போட்டார்.

"மீனு இல்லண்ணே. ஐஸ் மட்டுந்தான். தொறந்து பாருங்க."

அவர் திறந்து பார்த்தார். "மீன் இல்லாம ஐஸ் என்னத்துக்கு?"

"ஒரு கண்ணாடிக் கொழல முக்கதுக்கு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைச் சுளித்தது ஐஸுக்காக அல்ல என்பதும் எனக்குத் தெரியும். டெலூரியத்தோடு பழகுகிறவர்களின் மூச்சில் பூண்டு வாடை வரும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் உடம்புக்குள் போய்விடும், வாரக்கணக்கில் போகாது. துறையில் சிலர் அவள் வந்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. அவர்களே இதைப் படிப்பார்கள். ஜெசிந்தா அதைக் கவனிக்காதவள்போலப் பேசிக்கொண்டிருப்பாள். ஒருமுறை மட்டும் என்னிடம், "எனக்க அம்மைக்க மேல மீன் வாடை. எனக்க மேல பூடு வாடை. ரெண்டும் சேந்தா கொழம்பு" என்றாள்.

படிகம் விளைந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முன் எத்தனையோ குழாய்கள் வெடித்திருந்தன. எத்தனையோ முறை கிடைத்தது வெறும் கலவை. அன்று குழாயை உடைத்தபோது உள்ளே நகத்தளவு தகடுகள், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. ஒட்டுநாடாவை ஒட்டி உரித்ததும் ஏடு ஏடாக வந்தது. நான் எக்ஸ்-கதிர் படம் எடுத்தேன். கோடுகள் எந்தப் பழைய பட்டியலோடும் பொருந்தவில்லை. புதிய அமைப்பு. நான் குதிக்கிற நிலையில் இருந்தேன். அவள் பையிலிருந்து இரண்டு மட்டி வாழைப்பழம் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தாள். "தின்னு. இன்னும் ரெண்டு தடவ இதே கெடச்சாத்தான் இது நம்மளுக்கது. இப்ப கெடச்சது தற்செயலா இருக்கும்" என்றாள். மூன்று முறை எடுத்துவிட்டுத்தான் நோட்டில் அதற்குப் பெயர் எழுதினாள்.

அவளுக்கு இன்னொரு சொல் உண்டு. "முதல்ல பேசுகது அழுக்கு. படிகம் பொறவுதான் பேசும்." எந்தப் படிகத்திலும் வேண்டாத ஒன்று கொஞ்சமாவது கலந்திருக்கும். அளக்கும்போது அந்தக் கலப்படத்தின் குணம்தான் முந்திக்கொண்டு தெரியும். அதைப் படிகத்தின் குணம் என்று நினைத்து ஏமாறக் கூடாது என்பது அதன் பொருள். இதை நான் நூறு முறை அவள் வாயால் கேட்டிருக்கிறேன்.

எங்களிடம் குளிர்நிலை அளவைக் கருவிகள் இல்லை. திரவ ஹீலியத்தின் குளிரில் காந்தத்தை அளக்கவும், மேல்தோலின் மின்னணுக்களை ஒளிபாய்ச்சிப் பார்க்கவும் பெரிய நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு பெருநகரத்தில் அப்படியொரு நிறுவனம். அங்கே ஒரு பேராசிரியர். எனக்கு அங்கே இரண்டு மாத வருகை ஆய்வாளர் வாய்ப்புக் கிடைத்தது. ஜெசிந்தாவுக்கும் வரச் சொல்லி அழைப்பு இருந்தது. உலையில் குழாய் கிடந்ததால் அவள் வரவில்லை. சிறிய பிளாஸ்டிக் டப்பாக்களில் படிகங்களை எண் போட்டு அடுக்கி என் கையில் தந்தாள். "ஏழாம் நம்பரு மட்டும் எனக்குச் சந்தேகம். நல்லாப் பாத்துக்கோ" என்றாள்.

அங்கே காந்த அளவை என் பொறுப்பு. ஏழாம் எண் படிகம்தான் பெரியது, அழகானது. பேராசிரியருக்கு அதுதான் பிடித்தது. எல்லா அளவைகளும் அதில்தான் நடந்தன. குளிர்விக்கக் குளிர்விக்க வளைவு ஏறி, எதிர்பார்த்த இடத்தில் ஒரு முனை காட்டி இறங்கியது. அதுதான் எங்கள் படிகத்தின் சொந்தக் காந்த ஒழுங்கு. ஆனால் இன்னும் கீழே, வரைபடத்தின் இடது ஓரத்தில், சின்னதாக ஒரு மேடு. அது அங்கே இருக்கக் கூடாதது. அந்த மேடு தொடங்குகிற அதே குளிரில்தான் மேல்தோலின் மின்னணு ஆற்றல் நிலைகளுக்கு இடையே, மின்சாரத்தை நிறுத்தும் இடைவெளியும் திறந்தது. அந்த இடைவெளியைத்தான் உலகம் தேடிக்கொண்டிருந்தது. அது படிகத்தின் சொந்தக் காந்தத்தால் வந்தது என்றால் பெரிய கண்டுபிடிப்பு. உள்ளே வழிதவறிக் கிடந்த வேறோர் அடுக்கால் வந்தது என்றால் ஒன்றுமில்லை.

நான் படத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகவோ இரகசியமாகவோ எதையும் சொல்லவில்லை. "இந்த ஓரம் வாசகரைக் குழப்பும். முக்கியமான மாற்றம் தெரிகிற பகுதியை மட்டும் வையுங்கள்" என்றார். நான் கணினியில் கீழ் எல்லையை மாற்றினேன். ஒரு எண்ணை அழித்து இன்னோர் எண். இடது ஓரம் காணாமல் போயிற்று. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது எனக்கு இணைப் பேராசிரியர் பதவி உயர்வு நிலுவையில் இருந்தது. அதற்கு நல்ல இதழில் ஒரு கட்டுரை தேவைப்பட்டது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டுரை வந்தது. பதினான்கு ஆசிரியர்கள். நான் ஒன்பதாவது. படிகம் தந்ததற்காக ஜெசிந்தாவுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. நான் அச்செடுத்துக்கொண்டு அவள் உலை அறைக்குப் போனேன். பெயர் ஏன் இல்லை என்று கேட்பாள், என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவள் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "ஜசிந்தாண்ணு போட்டிருக்கு. ஒரு எழுத்த மாத்திட்டானுவ" என்று சிரித்தாள். பிறகு திருப்பித் திருப்பி இரண்டாவது படத்துக்கு வந்தாள். விரல் இடது ஓரத்தில் நின்றது.

"ஏட்டி, இது ஏழாம் நம்பரா?"

"ஆமா."

"இதுக்குக் கீழ அளந்தியா?"

நான் மேசையில் கிடந்த இடுக்கியைப் பார்த்தேன்.

"அளந்திருப்ப. அளக்காம இருக்க மாட்ட. இந்த எடத்த ஆரு வெட்டினது?"

"படத்துக்கு எடம் போதாதுண்ணு சொன்னாங்க" என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பின்பு கட்டுரையை மடித்து என்னிடமே தந்தாள். "செரி. உலை எறக்கணும், நேரமாச்சு" என்றாள்.

அடுத்த நாள் காலை துறை அறையில் என்னைப் பார்த்ததும், "குட் மார்னிங் மேடம்" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். கேலி இல்லை. அன்றிலிருந்து நான் அவளுக்கு மேடம். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் வேலை செய்தாள். ஆனால் 'ஏட்டி' போய்விட்டது. பெயர் விட்டுப்போன வருத்தம், நாளாக ஆகத் தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஒன்றரை வருடம் அவள் அந்த மேட்டின் பின்னாலேயே போனாள். குழாயைச் சற்றுப் பிந்தி எடுத்தால் வேற்று அடுக்குகள் உள்ளே நுழைந்துவிடுகின்றன, சரியான கணத்தில் எடுத்து முக்கினால் நுழைவதில்லை என்று ஒவ்வொரு குழாயாகக் காட்டினாள். தூய படிகங்களை வேறொரு கல்லூரி நண்பர் மூலம் அளக்கக் கொடுத்தாள். அவரிடம் இருந்த கருவி அவ்வளவு கீழ்க்குளிருக்குப் போகாது. அவளுக்கு வேண்டியது ஏழாம் எண்ணின் முழு வளைவு. அது உலகத்தில் இரண்டு இடங்களில்தான் இருந்தது. ஒன்று அந்த நிறுவனத்தின் கணினியில். இன்னொன்று என் பென்டிரைவில்.

ஒரு மதிய நேரம் என் மேசைக்கு வந்தாள். "மேடம், நான் அந்த இதழுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போடாண்டாம். அந்த முழுப் படம் உங்களுக்க கையில இருக்கும் இல்லியா? அத மட்டும் தாருங்க."

"அது அந்த நிறுவனத்துத் தரவு, ஜெசி. அவங்க அனுமதி இல்லாம குடுக்க முடியாது."

அது முழுப் பொய்யல்ல. அதனால்தான் அவ்வளவு எளிதாக வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுபடி கேட்கவேயில்லை.

படம் இல்லாமலே குறிப்பை அனுப்பினாள். இதழ் அதைப் பேராசிரியருக்கே அனுப்பிப் பதில் கேட்டது. குறிப்பை எழுதியவரிடம் இத்தகைய அளவைகளுக்கான வசதிகள் இல்லை என்று அவர் பதில் எழுதினார். குறிப்பு நிராகரிக்கப்பட்டது. அந்த வரியை அவள் எனக்குக் காட்டினாள். "உள்ளதத்தானே சொல்லியிருக்காரு" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு வெளிநாட்டுக் குழு ஒன்று அதே படிகத்தை வளர்த்து, தூயதாக இருந்தால் இடைவெளி திறப்பதில்லை என்று எழுதியது. ஜெசிந்தா அதை அச்செடுத்து என் மேசையில் வைத்தாள். "பாத்தீங்களா மேடம், நல்லா செஞ்சிருக்காவ. கொள்ளாம்" என்றாள். அவள் முகத்தில் கசப்பைத் தேடினேன். இல்லை. உண்மையிலேயே மகிழ்ந்திருந்தாள். எனக்கு அது கசப்பைவிடப் பயமாக இருந்தது. பேராசிரியர் அசையவில்லை. அவர்களுடைய படிகம் வேறு, எங்களுடையது வேறு என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிவிட்டார். மறுக்க வேண்டுமானால் ஏழாம் எண்ணின் முழு வளைவு வேண்டும். நான் அப்போதும் கொடுக்கவில்லை. பதவி உயர்வு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இனி எனக்கு எந்த நட்டமும் இல்லை. கொடுக்காமல் இருப்பதே பழகிப்போயிருந்தது.

போன ஐப்பசியில் அவள் போனாள். நாற்பத்தொன்பது வயது. அடக்கத்துக்கு நாங்கள் பஸ் வைத்துக்கொண்டு குளச்சல் போனோம். மழை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்தார்கள். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. கல்லூரி இரங்கல் கூட்டத்தில் பேராசிரியரின் செய்தியை முதல்வர் வாசித்தார். எங்கள் பயணத்தில் சிறிய, ஆனால் மறக்க முடியாத பங்களித்தவர் என்று இருந்தது. எல்லோரும் கைதட்டக் கூடாது என்று தெரிந்து தலைகுனிந்து இருந்தோம். நான் எழுந்து பேசியிருக்கலாம். நன்றியுரை என் பொறுப்பு. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் தனியாகப் போனேன். பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்கட்டில் சலேத்தம்மாள் தனியே இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக நான் அழுதது அன்றுதான் முதல் முறை.

"அம்மா, அந்தப் பேப்பருல அவளுக்க பேரு வந்திருக்கணும். நான் சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க. நான் வாயத் தொறக்கல்ல" என்றேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "பேரா? பேரப் பத்தி அவ ஒரு நாளும் சொன்னதில்லியே மக்ளே. எழுத்து தப்பா போட்டிருக்காண்ணு சொல்லிச் சிரிச்சா, அம்புட்டுதான். 'எனக்க கல்ல வச்சு இல்லாத ஒண்ண உண்டுண்ணு சொல்லுகாவ அம்மா'ண்ணுதான் சங்கடப்பட்டா. சோறு தின்னும்போ அதே பேச்சு. ஏதோ ஒரு படம் வேணும், அது இருந்தா சரியாக்கிரலாம்ணு சொல்லுவா."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"ஆரு கிட்டட்டீ இருக்கு அந்தப் படம்ணு கேப்பேன். 'பகவதிக்க கிட்ட இருக்கும்மா, அவ தருவா, அவளுக்குக் கொஞ்சம் நாளாவும்'ண்ணு சொல்லுவா. நீ குடுத்தியா மக்ளே?"

அவர் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அவர் பிடித்திருந்த என் கையை விடவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "போயி சாப்பிடு, பந்தி முடியப் போவுது" என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் அவள் பெயருக்காக வருந்துகிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் அதற்குத்தான் வருந்தியிருப்பேன். அவளை என் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் முழு வளைவை இதழுக்கு அனுப்பினேன். வெட்டியது நான் என்று எழுதினேன். இந்த மேட்டை முதலில் சந்தேகித்தவர், காரணத்தைக் கண்டுபிடித்தவர், படிகத்தை உண்டாக்கியவர் மூவரும் ஒருவரே என்று அவள் பெயரைச் சரியான எழுத்துகளோடு நான்கு இடங்களில் எழுதினேன். ஏற்கெனவே அவர்கள் நிராகரித்த அவளுடைய குறிப்பையும் இணைத்தேன். மாதங்கள் கழித்துத் திருத்தம் வெளிவந்தது. ஐந்து வரி. ஆசிரியர்களில் ஒருவர் வழங்கிய முழுத் தரவின்படி இடைவெளி குறித்த முடிவு திரும்பப் பெறப்படுகிறது என்று இருந்தது. அடைப்புக்குறிக்குள் என் பெயர். ஜெசிந்தா இல்லை. நான் கேட்டு எழுதினேன். நிராகரிக்கப்பட்ட குறிப்புகளை மேற்கோள் காட்டும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. மூலக் கட்டுரையின் கடைசியில் 'ஜசிந்தா'வுக்கு நன்றி அப்படியே இருக்கிறது.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் புகைப்படத்தோடு ஒரு தாள் ஒட்டினார்கள். அறிவியல் நேர்மைக்காக எனக்கு வாழ்த்து. நான் அதைக் கிழித்தேன். மறுநாள் லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். நீங்கள் இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே அவளை அறிந்த உங்கள் முன்னால், அச்சில், நம் மொழியில் இதைச் சொல்லிவைக்கிறேன். அந்தப் படிகத்தைக் கண்டுபிடித்தவர் குளச்சல் ஜெசிந்தா. அதில் இருந்த தவறைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தத் தவறை மறைத்தவள் நான்.

சலேத்தம்மாள் அவளுடைய நோட்டுகளை எனக்கே கொடுத்தனுப்பினார். உலையை ஏற்றிப் பார்த்தேன். குழாயை எப்போது எடுப்பது என்பதற்கு அவள் எழுதியிருப்பது, 'நெறத்தப் பாத்து' என்ற இரண்டு சொற்கள்தான். எனக்கு அந்த நிறம் தெரியவில்லை. நோட்டுகளை இதைவிட நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது ஒன்றுதான். 'அவ தருவா' என்று தன் அம்மாவிடம் அவள் சொல்லியிருக்கிறாள். தினமும் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, என்னை மேடம் என்று அழைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியிருக்கிறாள். தந்தேன். அவளை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து.